கொட்ட வேண்டிய தண்ணீர்

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் பெருஞ்சாலையில், எட்டயபுரத்தைத் தாண்டிய பிறகு ஓர் ஊர் வருகிறது. அதன் பெயர் எப்போதும்வென்றான். இவ்வளவு தைரியமான பெயரைச் சூட்டிக்கொண்ட ஊர் தமிழ் நாட்டில் இன்னொன்று இருக்குமா என்பது சந்தேகந்தான். சுற்றிலும் கரிசல் பூமி. மழை பெய்தால் காலை இழுத்துக்கொள்ளும் சேறு. வெயில் அடித்தால் கை நுழையும் வெடிப்பு. பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மிளகாய், கொத்தமல்லி எல்லாம் அங்கே வானத்தைப் பார்த்தபடியேதான் விளைகின்றன.

இந்தப் பிரதேசத்து ஸ்திரீகளுக்குத் தண்ணீரின் அருமையைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. அரிசி களைந்த நீர் மாட்டுக்கு. பாத்திரம் கழுவிய நீர் முருங்கை மரத்துக்கு. காய் வெந்த நீர் ரசத்துக்கு. இதுதான் அங்கே தலைமுறை தலைமுறையாக வந்திருக்கும் சாஸ்திரம். போதாதற்குப் பள்ளிக்கூடத்துப் பாட புஸ்தகங்களும், "காய் வெந்த நீரைக் கொட்டாதீர்கள், சத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது" என்று உபதேசம் செய்து வந்திருக்கின்றன.

அந்த உபதேசம் முற்றிலும் உண்மை. உண்மையாக இருப்பதனாலேயே, ஒரு வீட்டில் மட்டும் அதைத் தலைகீழாகத் திருப்பி வைக்க வேண்டியிருக்கிறது. நாட்பட்ட சிறுநீரக நோயால் ரத்தத்தில் உப்புச் சத்து ஏறிவிட்ட ஒருவர் இருக்கும் வீடுதான் அது. சத்தெல்லாம் தண்ணீரில் இறங்குகிறதல்லவா? அந்தச் சத்துக்களில் ஒன்று அவருக்கு விஷமாக முடியக்கூடும். அதன் பெயர் பொட்டாசியம்.

இரு காவற்காரர்கள்

நம் முன்னோர் குண்டிக்காய் என்று அழைத்த சிறுநீரகங்கள் முதுகெலும்புக்கு இரு புறமும் அவரை விதையின் வடிவத்தில் அமைந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஏறக்குறையப் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடித்தெடுத்து, வேண்டியதை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேண்டாததை ஒன்றரை லிட்டர் அளவு சிறுநீராக வெளியே அனுப்புகின்றன. நாம் தின்னும் காய், கனி, பருப்பு எல்லாவற்றிலிருந்தும் வரும் பொட்டாசியத்தில் பெரும் பகுதியை வெளியேற்றுவதும் இவற்றின் வேலையே.

சுகமான மனிதனின் ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 அலகு வரையில் இருக்கிறது. இது குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். 6-க்கு மேல் ஏறினால் இருதயத்தின் தாளம் தப்பிப்போகும் அபாயம் உண்டு. இதில் மிகவும் பொல்லாத விஷயம் என்னவென்றால், அது ஏறுவது பல சமயங்களில் நோயாளிக்குத் தெரிவதே இல்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. சிலருக்குக் கை கால் தளர்ச்சி காணும். சிலருக்கு நெஞ்சு படபடக்கும். சிலருக்கு ஒன்றுமே தோன்றாது. ரத்தப் பரிசோதனை ஒன்றுதான் உண்மையைச் சொல்லும்.

இந்நோய் பட்டணத்துச் சீமான்களுக்கு மட்டும் வருவது என்று எண்ணிவிட வேண்டாம். சர்க்கரை வியாதியும் ரத்த அழுத்தமுமே இதன் தலையாய காரணங்கள். ஆயினும் 2023-ம் வருஷத்தில் தமிழ் நாட்டு விவசாயத் தொழிலாளரிடையே ஓர் ஆய்வு நடந்தது. மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்ததில், நூற்றுக்கு ஐந்து பேர் வீதம் நாட்பட்ட சிறுநீரக நோய் கண்டது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி முதலிய வழக்கமான காரணம் எதுவும் இல்லை. கொளுத்தும் வெயிலில் நாள் முழுவதும் குனிந்து வேலை செய்வதும் அதற்கு ஒரு காரணமாயிருக்கலாம் என்று வைத்திய நிபுணர்கள் ஐயுறுகிறார்கள். இலங்கையின் வடமத்திய மாகாணத்து நெல் விவசாயிகளிடையே காரணம் புலப்படாத இதே மாதிரி நோய் 1990-களிலிருந்து கண்டறியப்பட்டிருக்கிறது. கரிசல் காட்டில் உழைப்போரும் இதைத் தூரத்துச் சமாசாரம் என்று தள்ளிவிட முடியாது.

இரண்டு வகை உபதேசிகள்

ஒரு வீட்டில் இந்நோய் வந்துவிட்டது என்று தெரிந்ததும் உபதேசிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வந்து சேருகிறார்கள்.

முதல் கட்சி, "காய்கறிதானே, தாராளமாகக் கொடுங்கள். வாழைத்தண்டுச் சாறு பிழிந்து காலையில் ஒரு டம்ளர், மத்தியானம் இளநீர், ராத்திரி முருங்கைக்கீரை" என்று சொல்லும். இவர்கள் சிறுநீரகக் கல்லையும் சிறுநீரக நோயையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள். கல் உள்ளவனை நிறைய நீர் பருகச் சொல்வார்கள், அது சரியே. ஆனால் சிறுநீரகமே தளர்ந்து போனவனுக்கு அதே யோசனை கால் வீக்கத்திலும் மூச்சுத் திணறலிலும் கொண்டுபோய் விடலாம். இளநீரில் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. வெயிலில் வந்த விருந்தாளிக்கு அது அமிர்தம். இந்த நோயாளிக்கு அப்படியல்ல.

இரண்டாவது கட்சி இதற்கு நேர்மாறானது. "காய் கூடாது, கனி கூடாது, கீரை கூடவே கூடாது" என்று சகலத்தையும் விலக்கி, மோர் சாதமும் அப்பளமுமாக நோயாளியை உட்கார்த்தி வைத்துவிடும். இதுவும் தீங்கே. காய்கறியில் உள்ள நார் மலச்சிக்கலைத் தடுக்கிறது. சிறுநீரகம் தளரும்போது பொட்டாசியத்தில் ஒரு பகுதியைக் குடல்தான் வெளியேற்றுகிறது. ஆகவே மலம் கட்டினால் அந்த வாசலும் அடைபடும். மேலும் சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் அமிலம் சேர்கிறது. கறிகாய்களும் கனிகளும் அதைத் தணிக்கின்றன. 2013-ம் வருஷம் அமெரிக்காவில் டெக்ஸாஸ் வைத்தியர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். நோய் நான்காம் படியில் இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அமிலத்தை முறிக்கும் சோடா மருந்தும், மற்றொரு பகுதியினருக்குக் காய் கனிகளும் ஒரு வருஷம் கொடுத்தார்கள். காய் கனி உண்டவர்களுக்கும் அமிலம் தணிந்தது, பொட்டாசியம் ஏறவில்லை. ஆனால் முதலிலேயே பொட்டாசியம் அளவாக இருந்தவர்களை மட்டுமே அந்தச் சோதனைக்குப் பொறுக்கி எடுத்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

ஆகவே முதற் கேள்வி, "எந்தக் காய் தின்னலாம்?" என்பதன்று. "என் ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு?" என்பதுதான். நோயின் ஆரம்பப் படிகளில் உள்ளவர்களில் பலருக்கு அது சரியாகவே இருக்கும். அவர்கள் காயை வேகவைத்து நீரைக் கொட்டவேண்டிய அவசியமே இல்லை. கொட்டினால் நல்ல சத்துக்களை வீணாக இழப்பார்கள். பொட்டாசியம் கூடியிருக்கிறது, கட்டுப்படுத்துங்கள் என்று டாக்டர் சொன்ன வீட்டாருக்கே நாம் மேலே சொல்லப் போவது.

தாயின் அடுப்பும் கால்ஃபின் இயந்திரமும்

பொட்டாசியம் ஓர் உப்புச் சத்து. நெருப்பில் எரிந்து போகாது. ஆவியாகப் பறந்தும் போகாது. அதனால் எண்ணெயில் வறுத்தாலும், ஆவியில் அவித்தாலும், குக்கரில் அளவாக நீர் விட்டு வேகவைத்தாலும் அது காயிலேயே தங்கிவிடும். அதை வெளியேற்ற ஒரே வழி தண்ணீரில் கரையச் செய்து, அந்தத் தண்ணீரை வடித்துவிடுவதுதான்.

உப்பு அதிகமாக உள்ள இடத்திலிருந்து குறைவாக உள்ள இடத்துக்கு நகர்கிறது என்பது இயற்கை நியதி. 1943-ம் வருஷத்தில் ஹாலந்து தேசத்தில் யுத்தத்துக்கு நடுவே வில்லெம் கால்ஃப் என்ற டாக்டர் செயற்கைச் சிறுநீரகம் ஒன்றை அமைத்தார். இறைச்சி அடைக்க உபயோகிக்கும் மெல்லிய செல்லோபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றி, அதனுள்ளே நோயாளியின் ரத்தத்தைச் செலுத்தி, வெளியே உப்பு நீரில் சுழலவிட்டார். ரத்தத்திலுள்ள கழிவுகள் குழாயின் சுவரைக் கடந்து நீருக்குள் இறங்கின. இன்று ஆஸ்பத்திரிகளில் செய்யப்படும் டயாலிஸிஸ் சிகிச்சை அந்த வித்திலிருந்து வளர்ந்ததே. நம் வீட்டுத் தாய்மார்கள் ஒரு பானைத் தண்ணீரில் காயைக் கொதிக்கவைத்து வடிக்கும்போது, கால்ஃப் கையாண்ட அதே நியதியைத்தான் கையாளுகிறார்கள். வித்தியாசம், ஒருவர் ரத்தத்தைக் கழுவினார்; மற்றவர் ரத்தத்துக்குள் போகப்போகும் காயைக் கழுவுகிறார்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பச்சைக் காயின் நுண்ணறைகள் ஒவ்வொன்றும் பூட்டிய பெட்டி போன்றவை. குளிர்ந்த நீரில் ராத்திரி முழுவதும் ஊறப்போட்டாலும் அந்தப் பூட்டு எளிதில் திறவாது. கொதிநீரின் சூடுதான் சுவர்களைத் தளர்த்தி உள்ளிருப்பதை வெளியே விடுகிறது. 2008-ம் வருஷம் அமெரிக்க விஞ்ஞானிகள் இருவர் உருளைக்கிழங்கைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். வெறுமனே ஊறவைத்ததில் பொட்டாசியம் பெரிதாகக் குறையவில்லை. கட்டம் கட்டமாக நறுக்கி வேகவைத்து வடித்தபோது ஏறக்குறையப் பாதி போயிற்று. துருவி வேகவைத்தபோது முக்கால் பங்கு போயிற்று. எவ்வளவு சிறிதாக நறுக்குகிறோமோ அவ்வளவு நல்லது என்பது இதிலிருந்து விளங்கும்.

செய்யும் முறை

காயைத் தோல் சீவி, கழுவி, மெல்லியதாக நறுக்கிக்கொள்ளவும். ஒரு பங்கு காய்க்குக் குறைந்தது ஐந்து பங்கு தண்ணீரை அகன்ற பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, உப்புப் போடாமல் காயை அதில் இட்டு நன்றாக வேகவிடவும். பிறகு நீரை முழுவதும் வடித்துவிடவும். கிழங்கு வகையானால் பாதி வெந்ததும் ஒரு முறை வடித்து, புதிய நீர் விட்டு மறுபடி வேகவைத்து, அதையும் வடிப்பது மேலும் நல்லது. கீரையானால் வடித்தபின் கையால் பிழிந்துவிடவும். அதன் பிறகு கடுகு, கறிவேப்பிலை, மிளகாய், வெங்காயம் தாளித்துப் பொரியல் செய்யலாம். ருசி கொஞ்சம் குறையும். எலுமிச்சஞ்சாறு சில துளி விட்டால் அந்தக் குறை பெரும்பாலும் தீரும்.

கரிசல் காட்டு ஸ்திரீகளுக்கு மனம் வராத இடம் இதுதான்: அந்தத் தண்ணீரைக் கொட்டுவது! கொட்ட வேண்டாம், தாய்மார்களே. அது நோயாளிக்குத்தான் ஆகாது. சிறுநீரகமும் ரத்தமும் சரியாக உள்ள மற்றவர்களுக்கு அந்த நீர் சத்துள்ள ரசமாகட்டும். குழந்தைகளும் வேலைக்குப் போகிறவர்களும் அதைப் பருகி லாபம் அடையட்டும். நோயாளியின் பாத்திரத்துக்கு அது திரும்பாமல் இருந்தால் போதும். அதுவும் வேண்டாமென்றால் ஆறவைத்து முருங்கைக்கு விட்டுவிடலாம், முருங்கை கோபித்துக்கொள்ளாது.

எந்தக் காய், எவ்வளவு?

நம் ஊர்ப்பக்கத்துக் கறிகாய்களில் பல இயல்பாகவே பொட்டாசியம் குறைந்தவை. சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரிக்காய், முட்டைக்கோஸ் ஆகியவற்றில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 140 முதல் 170 மில்லிகிராம் வரைதான் உண்டு. நெல்லைச் சீமையார் தடியங்காய் என்று சொல்லும் வெண்பூசணியும் புடலையும் இவற்றுக்கு உறவினரே. கத்தரிக்காயும் தக்காளியும் 230-ஐ ஒட்டி நிற்கின்றன. வெண்டைக்காய் 300-ஐ எட்டும். உருளைக்கிழங்கு 400-க்கு மேல். பசலைக்கீரை 550-ஐச் சுற்றி. சேப்பங்கிழங்கு 590 வரையில். வாழைக்காயும் இந்த மேல் வரிசையைச் சேர்ந்ததே. முருங்கைக்கீரையை எவ்வளவு போற்றினாலும் தகும். ஆனால் அந்தப் போற்றுதல் இந்த நோயாளிக்குப் பொருந்தாது.

அளவையும் கவனிக்க வேண்டும். வடித்து விட்டோமே என்று மூன்று கரண்டி போட்டுக்கொண்டால் வடித்ததன் பலன் போய்விடும். வெந்த காய் ஒரு வேளைக்கு அரைக் கோப்பை என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஆளுக்கு ஆள் அதை நிர்ணயிக்க வேண்டியவர் வைத்தியரோ உணவு நிபுணரோதான். சாம்பார் விஷயத்தில் விசேஷ ஜாக்கிரதை வேண்டும். பருப்பு, புளி, தக்காளி, முருங்கைக்காய், கொத்தமல்லித் தழை என்று பொட்டாசியம் உள்ளவர்கள் எல்லாரும் சேர்ந்து நடத்தும் கூட்டுறவுச் சங்கம் அது. தனித்தனியே பார்த்தால் ஒருவரும் குற்றவாளியல்ல. கூட்டிப் பார்த்தால்தான் கணக்குத் தெரியும்.

வற்றலைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. கோடையில் மிதுக்கு வற்றலும் சுண்டை வற்றலும் சீனி அவரை வற்றலும் மோர் மிளகாயும் காயாத மாடி கரிசல் சீமையில் ஏது? ஆனால் வெயில் உறிஞ்சுவது நீரை மட்டுமே. பொட்டாசியம் உள்ளேயே தங்கி, சுருங்கிய காயில் செறிந்துவிடுகிறது. அதன் மேல் உப்பு வேறு. ஆகையால் பச்சைக் காய்க்குச் சொன்ன நியாயம் வற்றலுக்குச் செல்லாது. 2020-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் அப்படித்தான். நிலக்கடலையில் 100 கிராமுக்கு 700 மில்லிகிராம் அளவில் பொட்டாசியம் உண்டு, பாஸ்பரஸும் உண்டு. ஊருக்குப் பெருமை தரும் அந்தப் பண்டத்தைப் பேரப்பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துத் தாத்தா சந்தோஷப்படலாம்.

உப்பிலே மறைந்திருக்கும் அபாயம்

எப்போதும்வென்றானிலிருந்து தெற்கே சென்றால் தூத்துக்குடி. உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று கண்ணைப் பறிக்கும் இடம். சிறுநீரக நோயாளிக்கு உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். சுகமாக உள்ளவர்களுக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. இதைக் கேட்ட பலர் கடைக்குப் போய், "சோடியம் குறைந்த உப்பு" என்று அச்சிட்ட பாக்கெட்டை வாங்கி வருகிறார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் அதில் சோடியத்தை எடுத்துவிட்டு அவ்விடத்தில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்திருப்பார்கள்! பானை பானையாக நீர் வைத்துக் காயிலிருந்து வெளியேற்றிய பொட்டாசியத்தை ஒரு கரண்டி உப்பில் திரும்ப அழைத்து வருவது போலாகும். சாதாரண உப்பையே குறைத்துப் போடுவதுதான் இவர்களுக்கு வழி.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஐந்து விளிம்புகளுடன், குறுக்கே நறுக்கினால் நட்சத்திரம் போல் தோன்றும் நட்சத்திரப் பழத்தைச் சிறுநீரக நோயாளிகள் ஒரு துண்டுகூடத் தொடக் கூடாது. அதிலுள்ள ஒரு நஞ்சு தளர்ந்த சிறுநீரகத்தால் வெளியேறாமல் மூளையைத் தாக்கும். விடாத விக்கல், மயக்கம், வலிப்பு, மரணம் வரையில் கொண்டுபோகும். 2013-ம் வருஷத்தில் பிரேஸில் தேசத்து விஞ்ஞானிகள் அந்த நஞ்சைப் பிரித்தெடுத்து அடையாளம் கண்டார்கள். வேகவைத்து வடிக்கும் வித்தை இதனிடம் பலிக்காது.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்களுக்கோ சட்டம் மாறுகிறது. அவர்களில் பலருக்குப் பொட்டாசியக் கட்டுப்பாடு தளரும். ஆனால் உடல் புதிய உறுப்பைத் தள்ளாமலிருக்கக் கொடுக்கும் மருந்துகள் நோய்க் கிருமிகளை எதிர்க்கும் சக்தியைக் குறைத்துவிடும். அவர்கள் கழுவாத பச்சைக் காயையும், தெருவில் நறுக்கி விற்கும் வெள்ளரிப் பிஞ்சையும், மாங்காய்க் கீற்றையும் தவிர்த்து, நன்றாகக் கழுவி வேகவைத்ததையே உண்ண வேண்டும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

2023-ம் வருஷத்தில் தமிழ் நாட்டு அரசாங்கம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரைச் சோதித்து இந்நோயை முன்னதாகவே கண்டுபிடிக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. ஆகையால் கிராமத்தில் உள்ளவர்களும் பட்டணத்துக்கு ஓடாமலே முதல் சோதனையைச் செய்துகொள்ள இயலும். நோய் இருப்பது தெரிந்தவர்கள் அடுத்த முறை டாக்டரைப் பார்க்கையில் மூன்று கேள்விகளைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போகலாம். என் பொட்டாசியம் இப்போது எவ்வளவு? நான் உண்ணும் ரத்த அழுத்த மாத்திரை அதை ஏற்றக் கூடியதா? அடுத்த பரிசோதனை எப்போது? இரண்டாவது கேள்வி முக்கியமானது. அந்த மாத்திரைகளில் சில பொட்டாசியத்தை ஏற்றும் குணமுள்ளவை. அவை சிறுநீரகத்தைக் காப்பவையுமாகும். ஆதலால் டாக்டரைக் கேளாமல் நிறுத்தவும் கூடாது. மறந்துவிட்டுக் கீரையை மட்டும் குற்றம் சொல்லவும் கூடாது.

திடீரென்று கை கால் ஓய்ந்து போனாலோ, நெஞ்சு தாறுமாறாக அடித்தாலோ, அது கைவைத்தியத்துக்கு உரிய நேரமல்ல. தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். டயாலிஸிஸ் செய்துகொள்கிறவர்கள் ஒரு தவணையைக் கல்யாணத்துக்காகவோ கோவில் கொடைக்காகவோ தவறவிட்டால், அதன் பிறகு வரும் விருந்துச் சாப்பாடு இரு மடங்கு அபாயம் என்பதையும் வீட்டார் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தனையும் கேட்டு, "பத்தியம் என்பது பெரிய தண்டனையாக அல்லவா இருக்கிறது!" என்று நோயாளி பெருமூச்சு விடலாம். அப்போது அவர் இலையில் வெறும் மோர் சாதத்தை மட்டும் வைக்காமல், பொடியாக நறுக்கி வேகவைத்து வடித்த முட்டைக்கோஸில் கடுகு தாளித்து, ஒரு கரண்டி வைத்துப் பாருங்கள். வீட்டார் உண்பதில் தமக்கும் ஒரு பங்கு உண்டு என்கிற திருப்தி பாதி மருந்து. இந்த நோயை எப்போதும் வென்றான் என்று பெயர் வாங்குவது எவருக்கும் எளிதல்ல. அடுத்த ரத்தப் பரிசோதனை வரையில் வென்றால் போதும். அதன் பிறகு அதற்கடுத்த பரிசோதனை வரையில்.